தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் கையில் டேப்லெட் கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்கு அட்டையும் பேனாவும்தான். டேப்லெட்டில் ஒரு வசதி உண்டு என்று போன மாதம் ஒரு பெண் எனக்குப் பெருமையாகக் காட்டினாள். ஒரு கேள்விக்குப் பதில் போடாவிட்டால் அது அடுத்த கேள்விக்குப் போக விடாதாம். அந்த வசதியைப் பார்த்துத்தான் எனக்குப் பயம், அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் ஓய்வு பெற்றபோது பிரிவு உபசாரத்தில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் பேசவில்லை. சால்வையை வாங்கிக்கொண்டு, கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, கடலூரிலிருந்து பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். மேடையில் வைத்துச் சொல்லக்கூடியதாக என்னிடம் ஒன்றும் இல்லை.

நம் வேலை என்னவென்று உங்களுக்குப் பயிற்சியில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். நான் சாதாரணமாகச் சொல்கிறேன். ஒரு குழந்தை பிறந்ததும் அந்த வீட்டுக்குப் போகிறோம். கூரையா ஓடா, மண் தரையா சிமெண்டா, தாய் எதுவரை படித்தாள், தகப்பனுக்கு என்ன வேலை, இது எத்தனையாவது பிள்ளை, இதற்கு முன்னால் பிறந்ததில் எத்தனை தங்கியது, எத்தனை போனது என்று கேட்கிறோம். பிறகு சில வருஷங்களுக்கு ஒரு தடவை அதே வீட்டுக்குப் போய், அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று கேட்கிறோம். இல்லையென்றால் எப்படிப் போனது என்று கேட்கிறோம். பிறந்த வீட்டுக்கும் செத்த வயதுக்கும் என்ன சம்பந்தம் என்று கண்டுபிடிப்பதற்காம். கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? மண் தரையில் பிறந்தவன் முந்திக்கொண்டு போகிறான். மஞ்சக்குப்பத்தில் நம் ஆபீசுக்குக் கீழே இருக்கிற டீக்கடையில் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்கள். டீ செலவோடு முடிந்திருக்கும்.

ஊர்ப் பிள்ளைகள் எனக்கு ஒரு பேர் வைத்திருந்தார்கள். 'எத்தினி செத்துச்சு டீச்சர்.' நான் பஸ்ஸை விட்டு இறங்கினால் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு ஓடுவார்கள். முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் அதில் தப்பு ஒன்றும் இல்லை. என் வேலையை இவ்வளவு சுருக்கமாக எந்த அதிகாரியும் சொன்னதில்லை.

என்னைப் பழக்கியவர் ஒரு பெரிய டாக்டர். பேர் வேண்டாம், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. திட்டக்குடி பக்கம் ஒரு சாவு வீட்டுக்கு முதல் தடவை அவரோடு போனேன். நான் உள்ளே நுழைந்ததும் அட்டையைப் பிரித்தேன். அவர் அதைப் பிடுங்கித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர்களாகப் பேச ஆரம்பிக்கும்வரை அவர் வாயைத் திறக்கவே இல்லை. திரும்பி வரும் வழியில் ஒன்று சொன்னார். "ஒரு வீட்ல ஒரு புள்ள நல்லா இருந்து திடீர்னு செத்தா அது துக்கம்மா. அதே மாதிரி ரெண்டாவது செத்தா அது சேதி. அந்த வீட்ட மட்டும் விட்டுடாத." நான் அப்படி விடாமல் பிடித்த வீடு ஒன்று உண்டு. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஊர் சிதம்பரத்துக்குக் கிழக்கே, உப்பங்கழி ஓரம். ஊர்ப் பேரைச் சொல்ல விதி இடம் கொடுக்காது. ஆட்களின் பேரையும் மாற்றியிருக்கிறேன். குழந்தை பிறந்திருக்கிறது என்று தகவல் வந்து போனேன். அஞ்சலை என்கிற பெண் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"இது உங்களுக்கு எத்தனாவது கொழந்த?"

"இது என் புள்ள இல்ல டீச்சர்" என்றாள் அஞ்சலை.

மார்பில் குழந்தை. பேறுகாலம் முடிந்த வயிறு இன்னும் இறங்கவில்லை. காதில் பஞ்சு, தலையில் துணி. நான் அவளையே பார்த்தேன். அவள் கண்ணைத் திருப்பாமல் சொன்னாள்: "பக்கத்து வூட்டு வசந்தாவோடது. ஒரு மொறம் தவுடு குடுத்து வாங்குனேன்."

வாசலில் நின்றிருந்த வசந்தா, கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஆமா டீச்சர், நாந்தான் வித்தேன். தவுடுகூட அக்கா கொறச்சலாத்தான் அளந்துச்சு."

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளை பிறந்தால், அதை முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வைப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொள்வாள். பெற்றவள் தவிட்டைக் கொடுத்து அவளிடமிருந்து விலைக்கு வாங்குவாள். இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை, குப்பையில் கிடந்தது, யாரும் ஆசைப்பட வேண்டாம் என்று எமனுக்குச் சொல்கிற பொய். பேரும் குப்பு, குப்பம்மாள், பிச்சை என்று வைப்பார்கள். பெரும்பாலான வீடுகளில் இது ஒரு நாள் சடங்கு. அஞ்சலை அதை வாழ்நாள் சத்தியமாக எடுத்துக்கொண்டாள். அந்தப் பையன் அவளைப் 'பெரிம்மா' என்றுதான் கூப்பிட வேண்டும். வசந்தாவைத்தான் 'அம்மா' என்று கூப்பிட வேண்டும். சோறு, படுக்கை, படிப்பு எல்லாம் அஞ்சலை வீட்டில்.

அவளுக்கு முன்னால் மூன்று பிள்ளைகள் போயிருந்தன. தெருக்குழாயடிவரை கூட வந்து வசந்தாதான் குசுகுசுவென்று சொன்னாள். பெரியவன் பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் ஓடும்போது விழுந்தான், எழுந்திருக்கவில்லை. முனி அடித்துவிட்டது என்றார்கள். நடுவுள்ளவன் மீன் மாதிரி நீந்துகிறவன், வாய்க்காலில் போனான். தண்ணீர் கொண்டுபோய்விட்டது என்றார்கள். மூன்றாவது பெண் பிள்ளை. திருவிழாவில் பக்கத்தில் வெடி வெடித்ததும் சுருண்டு விழுந்தது. பயந்து செத்தது என்றார்கள். மூன்று சாவுக்கு மூன்று காரணம் கிடைத்துவிட்டதால் யாரும் மூன்றையும் சேர்த்துவைத்துப் பார்க்கவில்லை. மூன்று பேரையும் தூக்கிக்கொண்டு ஓடிய ஆஸ்பத்திரிகளில் யாரும் அவளை உட்காரவைத்து ஏன் என்று சொல்லவும் இல்லை. புருஷன் அறுப்பு மெஷினோடு வெளியூர் போனவர், அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டார்.

நான் பார்த்ததையும் கேட்டதையும் அப்படியே எழுதி அனுப்பினேன். மேலே இருந்தவர்கள் திருப்பி அனுப்பினார்கள். 'பதில் சொல்பவர் சொல்வதை மட்டுமே பதிவு செய்யவும்' என்று உத்தரவு. அப்படியாக, நம் ஆய்வில் குப்பு வசந்தாவின் தலைப்பிள்ளை ஆனான். ஓட்டு வீடு, சிமெண்டு தரை, பத்தாவது படித்த தாய், முன்னால் சாவு எதுவும் இல்லை. நம்மால் ஒருவனுக்கு நல்ல வீட்டில் பிறப்பு கொடுக்க முடிந்தது அந்த ஒரு தடவைதான்.

குப்பு வளர்ந்தான். பள்ளிக்கூடத்தில் குப்புராஜ், வாட்ஸப்பில் வெறும் ராஜ். பேச்சில் அவனை அடிக்க முடியாது. நான் தெருவில் வருவதைப் பார்த்தால் வண்டியை நிறுத்திவிட்டுச் சொல்வான்: "டீச்சர், நான் இன்னும் சாவல. எழுதிக்கங்க." ஒவ்வொரு தடவையும் இதையேதான் சொல்வான். நானும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பேன். டிப்ளமா முடித்துக் கடலூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலைக்குப் போனான். மங்கலம்பேட்டையிலிருந்து சங்கீதா என்ற பெண்ணைக் கட்டினான். ஒரு பெண் குழந்தை பிறந்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம். அந்தத் தெருவுக்கு வேறொரு வீட்டு வேலையாகப் போயிருந்தேன். வசந்தா காப்பி போட்டுக் கொடுத்தாள். பேச்சுவாக்கில், சிரித்துக்கொண்டே, "ஒங்க குப்பு போன வாரம் எங்கள ஒரு ஆட்டம் காட்டிட்டான் டீச்சர்" என்றாள்.

கம்பெனி வேன் மெயின் ரோட்டில் நிற்கும். இவன் தாமதமாகி ஓடியிருக்கிறான். ஓடும்போதே முகம் குப்புற விழுந்துவிட்டான். தண்ணீர் தெளித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டான். சிதம்பரத்தில் ஒரு நர்சிங் ஹோமுக்கு வசந்தா கூட்டிப்போனாள். அஞ்சலை போகவில்லை. அவனுக்காகப் பதறுவதைக்கூட அவள் யார் கண்ணிலும் காட்டக் கூடாது, அவள் சத்தியம் அப்படி. டாக்டர் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டிருக்கிறார். வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று செத்திருக்கிறார்களா?

"நீங்க என்னா சொன்னீங்க?" என்றேன்.

"எங்க வூட்ல எல்லாரும் கல்லாட்டம் இருக்கோம் டாக்டர்னு சொன்னேன்" என்றாள் வசந்தா. "சாப்புடாம ஓடிருக்கான், அதான்னு குளுக்கோஸ் ஏத்துனாங்க. இப்ப நல்லா இருக்கான்."

காப்பியைக் கீழே வைத்தேன். ஓடும்போது விழுந்தவன் பெரியவன். ஓடும்போது விழுந்தவன் குப்பு. இருபது முப்பது வருஷமாகச் சாவு கேட்டே வயிறு வளர்த்தவள் நான், எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் அந்தப் பெரிய டாக்டரின் சொல் எனக்கு மறக்கவில்லை.

ஆபீசுக்குப் போன் போட்டேன். அப்போது திட்ட மேலாளராக இருந்தவர் ஒரு இளைஞர், சென்னையிலிருந்து பேசினார். ரொம்ப மரியாதையான பையன்.

"மேடம், ஸ்டடில இருக்கறவங்க டேட்டாவ நாம வெளிய சொல்ல முடியாது. உங்களுக்கே தெரியும்."

"உயிர் போற விஷயம் தம்பி."

"புரியுது மேடம். ஆனா நான் இப்ப ஸ்க்ரீன்ல பாக்கறேன். அவர் வீட்ல எந்தச் சாவும் இல்லன்னுதான் இருக்கு."

"அது தப்பு. நான்தான் அன்னிக்கே எழுதிக் குடுத்தேன்."

"அப்ப மாத்தணும்னா அம்மா சொல்லணுமே மேடம். அம்மா யாரு, வசந்தாவா?"

சிரிப்பு வந்தது. போனை வைத்துவிட்டேன். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நான் நேரே குப்புவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். விதியை மீறினால் என்ன, வேலையை விட்டு அனுப்பினாலும் எனக்கு வீட்டுக்குப் போகிற வயதுதான். ஆனால் அவன் சிரித்திருப்பான். இன்னும் சாவல எழுதிக்கங்க என்றிருப்பான். தவிர, செத்த பிள்ளைகள் அஞ்சலையின் பிள்ளைகள். அந்தப் பேச்சை எடுக்கிற உரிமை அவளுக்குத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அஞ்சலை அப்போது இறால் உரிக்கிற கொட்டகையில் வேலை செய்துகொண்டிருந்தாள். ஐஸ் தண்ணீரில் ஊறி விரல்கள் வெளுத்திருந்தன. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, குப்புவுக்கு ஈசிஜி என்கிற நெஞ்சுப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும், பெரியவன் எப்படி விழுந்தான் என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றேன். அவள் கை நிற்கவில்லை.

"எந்தப் பெரியவன்?"

"அஞ்சலம்மா."

"எனக்கு எந்தப் பெரியவனயும் தெரியாது." இரண்டு இறாலை உரித்துப் போட்டாள். பிறகு என்னைப் பார்க்காமலே பேசினாள். "என் வாயால சொல்ல வைக்கப் பாக்குறீங்க. சொன்னா போயிடுவான் டீச்சர். இத்தினி வருசமா சொல்லல, இருக்கான்ல? மூணு பேரயும் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கினு ஓடுனேன். எவனாவது ஏன்னு சொன்னானா? நீங்களும்தான் வருசா வருசம் வந்து எழுதிக்கினு போறீங்க. நீங்க சொன்னீங்களா? தவுடுதான் காப்பாத்திச்சு. அதப் போயி கெடுக்கச் சொல்றீங்க."

இருக்கிற ஆதாரத்தை வைத்துப் பார்த்தால் அவள் சொன்னது சரி. மருத்துவம் பார்த்த மூன்று பிள்ளைகளும் போய்விட்டன. தவிடு பார்த்த பிள்ளை இருக்கிறது. நம் ஆட்களிடம் இதைக் கொடுத்தால் கட்டுரையே எழுதிவிடுவார்கள்.

என் பங்குக்கு நானும் இறாலை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் தோன்றியது.

"குப்பு உங்க புள்ள இல்ல. சரி, நான் ஒத்துக்கறேன். அவன் வசந்தா புள்ளயாவே இருந்துட்டுப் போவட்டும். செத்துப்போன மூணு பேரு? அவுங்க உங்க புள்ளைங்கதான?"

அவள் கை நின்றது.

"அவுங்களப் பத்தி மட்டும் டாக்டருகிட்ட சொல்லுங்க. குப்புவப் பத்தி ஒரு வார்த்த சொல்ல வேணாம்."

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "மூணும் என் புள்ளைங்கதான்" என்றாள். அவர்களுக்காக அவள் வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சிதம்பரத்தில் வேறொரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். குப்பு, வசந்தா, அஞ்சலை, பின்னால் நான். அங்கிருந்த டாக்டர் கெட்டிக்காரர், அதை மறுக்க மாட்டேன். அஞ்சலை நின்றுகொண்டே மூன்று சாவையும் சொன்னாள். ஓடினது, நீந்தினது, வெடி வெடித்தது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். கண்ணிலேயே தெரிந்தது, பிடித்துவிட்டார் என்று. குப்பு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தனக்கு முன்னால் சிலர் பிறந்து போனார்கள் என்று அவனுக்குத் தெரியும். எப்படிப் போனார்கள் என்று அன்றைக்குத்தான் கேட்கிறான்.

டாக்டர் அஞ்சலையைப் பார்த்துக் கேட்டார். "இவருக்கு நீங்க என்ன வேணும்?"

"பெரிம்மா."

"அம்மாவோட அக்காவா?"

"இல்ல."

"அப்பாவோட அண்ணன் சம்சாரமா?"

"இல்ல. பக்கத்து வூடு."

அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. வெளியே கூட்டம் கதவை இடித்துக்கொண்டு நின்றது. "பக்கத்து வீட்டுப் புள்ளைங்க செத்ததுக்கும் இவருக்கும் என்னம்மா சம்பந்தம்? ரத்த சம்பந்தம் இருந்தாத்தான் இது முக்கியம். இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தை."

வசந்தா தலையைக் குனிந்துகொண்டாள். படம் எடுத்துவிட்டு அப்புறம் கேளுங்கள் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவர் என் பக்கம் கையைக் காட்டி, "நீங்க இருங்க" என்றார். அஞ்சலை குப்புவைப் பார்த்தாள். அவன் பிறந்ததிலிருந்து அவனை அப்படி நேருக்கு நேர் அவள் பார்த்து நான் பார்த்ததில்லை.

"என் புள்ளதான்" என்றாள்.

வாயாடி குப்பு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

படம் எடுத்தார்கள். அவர் நினைத்தது சரிதான். இதயத்தில் ஓடுகிற மின்சாரத்தில் பிறவிக் கோளாறு, குடும்ப வழியாக வருவது. ஓட்டம், நீச்சல், திடுக்கிடல், இந்த மூன்றிலும் ஆளைச் சாய்த்துவிடும் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு நாள்கூட விடக்கூடாது, ஓடக்கூடாது, குழந்தையையும் ஒரு தடவை கொண்டுவந்து காட்டுங்கள் என்றார். விலை குறைந்த, சாதாரண மாத்திரை. அந்த மூன்று பிள்ளைகள் செத்தபோதும் அது மருந்துக்கடையில் இருந்திருக்கிறது. இதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. யாரையாவது அறைய வேண்டும் போல் இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் குப்பு எல்லாருக்கும் டீ வாங்கினான். அஞ்சலைக்கு நீட்டும்போது மெதுவாக, "இந்தா, அம்மா" என்றான்.

"அப்பிடிக் கூப்புடாத" என்றாள் அவள். டீயை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

மாத்திரை வேலை செய்தது. ஆனால் உடம்பை அசதியாக்கியது. கம்பெனியில் இவன் கை ஓய்ந்து நிற்பதைப் பார்த்து மேஸ்திரி சத்தம் போட்டிருக்கிறான். இதய நோய் என்று சீட்டைக் காட்டினால் அன்றோடு கேட் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள், ஒப்பந்த ஆளுக்குக் கேட்பார் யார்? குப்பு ஒரு வழி கண்டுபிடித்தான். வேலை இல்லாத நாளில் மட்டும் மாத்திரை போட்டுக்கொண்டான். சங்கீதாவுக்குத் தெரியும். "வேலைக்குப் போற நாள்ல போட்டா கை காலு ஓயுதுன்னாரு, லீவு நாள்ல சேத்துப் போட்டுக்கிறேன்னாரு" என்று பிறகு என்னிடம் சொல்லி அழுதாள். வேன் யாருக்காகவும் நிற்காது. ஒரு தடவை விட்டால் அன்றைக்கு வேலை இல்லை, இரண்டு மூன்று தடவை விட்டால் வேலையே இல்லை. அவன் ஓடினான். இந்தத் தடவை தண்ணீர் தெளித்தும் எழுந்திருக்கவில்லை.

விதிப்படி சாவு விசாரணைக்கு யாராவது போக வேண்டும். வேறு ஆளை அனுப்பியிருக்கலாம், ஆபீசிலும் அதைத்தான் சொன்னார்கள். நான்தான் போனேன். அஞ்சலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். நான் எதையும் கேட்கவில்லை, அட்டையைக்கூட எடுத்துப்போகவில்லை. அவள்தான் பேசினாள்.

"சொன்னா போயிடுவான்னு நான் சொன்னேன்ல, டீச்சர்."

திட்டவில்லை. கத்தவில்லை. மழை வரும் என்று சொன்னேன், வந்துவிட்டது என்பது போலச் சொன்னாள். "சொல்லாத வரைக்கும் இருந்தான். சொன்ன பெறவு ஒரு தீவாளிகூட பாக்கல."

மாத்திரையைப் பற்றி நான் விளக்கியிருக்கலாம். நீங்கள் சொன்னதால் இல்லை, அவன் மாத்திரையை விட்டதால் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மை. ஆனால் அதைச் சொன்னால் பழி சங்கீதா தலையில் விழும். பால்குடிப் பிள்ளையோடு அந்தப் பெண் அடுத்த அறையில் இருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டு அந்தப் பழியை வாங்கிக்கொண்டேன். தெருவில் எல்லாரும் அஞ்சலை சொன்னதையே சொன்னார்கள். டீச்சர் வந்து வாயைப் பிடுங்கினாள், பிள்ளை போய்விட்டது. பிள்ளைகள் என்னைப் பார்த்துக் கத்துவதையும் நிறுத்திவிட்டார்கள்.

அதற்கப்புறம் கடலூரில் ஒரு ஓட்டலில் நம் ஆய்வின் கூட்டம் நடந்தது. வெளிநாட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். ஆராய்ச்சிக்கார அம்மா ஒருவர் குப்புவின் கதையைப் பேர் போடாமல் திரையில் காட்டினார். பண்பாட்டு நம்பிக்கையால் நோயறிதல் தாமதமானது என்று இருந்தது. நான் எழுந்து நின்றேன். "தவுடு கொல்லலீங்க" என்றேன். மூன்று பிள்ளை செத்தும் ஏன் என்று சொல்லாத ஆஸ்பத்திரிகளைச் சொன்னேன். நான் எழுதிக் கொடுத்ததை அடித்துத் திருத்திய நம் ஆபீசைச் சொன்னேன். குளுக்கோஸைச் சொன்னேன். ஒரே வார்த்தை கேட்ட கெட்டிக்கார டாக்டரைச் சொன்னேன். நிற்காத வேனைச் சொன்னேன். இத்தனையும் சேர்ந்து ஒருவனைக் கொன்றிருக்க, ஒரு முறம் தவிட்டின் மேல் பழி போடுகிறீர்களே, வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். எல்லாரும் கவனமாகக் கேட்டார்கள். அந்த அம்மா குறித்துக்கொண்டார். மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்தது.

நான் பிறந்தது கடலூர் முதுநகரில், சிமெண்டு தரை போட்ட வீட்டில். அம்மா எட்டாவது படித்தவர், அப்பா பள்ளிக்கூடத்தில் பியூன். உடன்பிறந்தவர்கள் எல்லாரும் இருக்கிறோம். நான் சால்வை போட்டுக்கொள்கிற வயதுவரை வந்ததற்கு என் சாமர்த்தியம் எதுவும் காரணமில்லை. நீங்களும் உங்களைப் பற்றி அப்படி நினைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குள் நுழையுங்கள். உங்கள் டேப்லெட் ஒரு தாயிடம் 'ஆமா'வை வாங்கித் தரச் சொல்லி நின்றுவிட்டால், நின்றபடியே இருக்கட்டும். ஆபீசில் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அவளிடம் அதைப் பிடுங்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஓய்வு பெற்ற பிறகு என் பிரஷருக்காக அதே சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். இதயப் பிரிவில் ஒரே அறைக்குள் நான்கைந்து பேரை நிற்க வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் அஞ்சலை நின்றாள், இடுப்பில் குப்புவின் மகள். அவள் என்னைப் பார்த்தாள். பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டாள். குப்பு செத்த வீட்டில் பேசியதற்கப்புறம் அவள் என்னோடு பேசியதே இல்லை.

இப்போது இருந்தவர் வேறு டாக்டர், சின்னப் பெண். குழந்தைக்கு என்ன என்று கேட்டாள்.

"இதுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் அஞ்சலை. "இது எங்க வூட்டுப் புள்ளயும் இல்ல. தவுட்டுக்கு வாங்குனது."

டாக்டர் பெண் நிமிர்ந்து பார்த்தாள். பின்னால் வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். அஞ்சலை குழந்தையை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டு, ஒருவர் விடாமல் சொன்னாள். "பெரியவன் ஓடும்போது வுழுந்தான். நடுவுளவன் நீந்தும்போது. பொண்ணு வெடிச் சத்தத்துல. கடசிப் புள்ள குப்பு, வேனப் புடிக்க ஓடும்போது. செத்துப்போன நாலு பேரும் என் புள்ளைங்க. இது இல்ல. நீங்க அந்தப் படத்த மட்டும் எடுத்துப் பாருங்க."

அந்தப் பெண் அவளையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன உறவு என்று கேட்கப் போகிறாள் என்று நான் பயந்தேன். அவள் கேட்கவில்லை. எழுந்து வந்து கட்டிலில் விரிப்பைச் சரிசெய்தாள்.

"இப்படிப் படுக்க வைங்கம்மா" என்றாள்.